தைப்பூச இரவுக்கு எந்த ஜூம்? தேர்ட் பார்ட்டி லென்ஸ் வாங்கப் போகிறவர்களுக்கு

தைப்பூசம் நெருங்கினால் போதும், கேமரா வைத்திருக்கும் நண்பர்கள் ஒரே கேள்வியோடு வருவார்கள்: "பகல்ல படம் பளிச்சுன்னு வருது. ராத்திரி ரதத்தை எடுத்தா எல்லாம் கலங்கிப் போகுது. புது கேமரா வாங்கணுமா?"

பெரும்பாலும் வேண்டாம். கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ். லீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுவது இரவில். கேமராவோடு சேர்ந்து வந்த 18-55 லென்ஸ் அந்த வெளிச்சத்தில் திணறும். கேமரா கம்பெனியே விற்கும், இருட்டுக்கு ஏற்ற எஃப்/2.8 ஜூம்களின் விலையைப் பார்த்தால் நமக்குத் திணறும். சிக்மா, டாம்ரான், டோக்கினா போன்ற வேறு கம்பெனிகளின் லென்ஸ் பக்கம் போவது அதனால்தான். எதை வாங்குவது என்று படிப்படியாகப் பார்ப்போம். விலை எதையும் எழுதப் போவதில்லை. நான் எழுதி முடிப்பதற்குள் மாறிவிடும்.

படி 1: பழைய படங்களைத் திறங்கள்

கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை இது. பெரும்பாலானோர் செய்வதில்லை. போன வருடம் இரவில் எடுத்துக் கெட்டுப்போன படங்களைக் கணினியில் திறந்து, ஒவ்வொன்றின் விவரத்தையும் பாருங்கள். எத்தனை மி.மீ. (எவ்வளவு ஜூம்), எந்த எஃப் எண், ஷட்டர் வேகம் (வெளிச்சம் விழும் நேரம், வினாடியில்), ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்). நான்கும் படத்தோடு பதிவாகியிருக்கும்.

உங்கள் லென்ஸில் 3.5-5.6 என்று எழுதியிருக்கும். முதல் எண் அகலமாக எடுக்கும்போது, இரண்டாவது எண் முழுக்க ஜூம் செய்யும்போது. எண் குறையக் குறைய லென்ஸின் வாய் பெரிதாகும், வெளிச்சம் அதிகம் வரும். கடைக்காரர் முதல் எண்ணைத்தான் சொல்வார். இருட்டில் உங்களைக் கவிழ்ப்பது இரண்டாவது எண்.

ஒரு கணக்கு போடுவோம். காவடி எடுப்பவரை 50 மி.மீ.இல் எடுக்கிறீர்கள். ஐஎஸ்ஓ 6400, எஃப்/5.6, ஷட்டர் 1/30. அவர் ஆடுகிறார், படம் கலங்குகிறது. அதே இடத்தில் எஃப்/2.8 லென்ஸ் இருந்தால் நான்கு மடங்கு வெளிச்சம் வரும். அதே ஐஎஸ்ஓவில் ஷட்டரை 1/125 வரை ஏற்றலாம்.

இப்போது அகலப் பக்கத்தைப் பாருங்கள். 18 மி.மீ.இல் உங்கள் பழைய லென்ஸே எஃப்/3.5 தருகிறது. அங்கிருந்து எஃப்/2.8க்குப் போனால் ஒன்றரை மடங்குதான் கூடும். ஆகவே, கெட்டுப்போன படங்களில் பாதிக்கு மேல் 18, 20 மி.மீ.இல் எடுத்தவை என்றால் எஃப்/2.8 ஜூம் உங்களுக்குப் பெரிய விடிவு அல்ல. ஜூம் இல்லாத எஃப்/1.4 லென்ஸ் ஒன்றை யோசியுங்கள், காசும் மிஞ்சலாம். 35க்கு மேலே எடுத்தவைதான் அதிகம் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

படி 2: ஆடுவது உங்கள் கையா, எதிரில் இருப்பவரா?

லென்ஸ் பெட்டியில் விசி, ஓஎஸ் என்று எழுதியிருப்பது அதிர்வுத் தடுப்பைக் குறிக்கும். முன்னது டாம்ரானின் பெயர், பின்னது சிக்மாவின் பெயர். இது உங்கள் கை நடுக்கத்தை மட்டும்தான் பிடிக்கும். உறுமி மேளத்துக்கு ஆடுகிறவரின் காலை அது நிறுத்தாது. அதற்கு வேகமான ஷட்டர் வேண்டும், ஷட்டருக்கு வெளிச்சம் வேண்டும். ஊர்வலம், கல்யாண மேடை, நடனம் எடுப்பவர்கள் எஃப் எண்ணுக்குக் காசு கொடுங்கள். பத்துமலைக் குகையின் உட்புறம், கோபுரம், ராத்திரி நேரத்து இரட்டைக் கோபுரம் எடுப்பவர்களுக்கு அதிர்வுத் தடுப்பு நன்றாகவே உதவும்.

உங்கள் கேமராவிலேயே அது இருக்கிறதா என்றும் பாருங்கள். சோனி ஏ6700, ஃபூஜிஃபிலிம் எக்ஸ்-எஸ்20 போன்றவற்றில் உண்டு. சோனி ஏ6400, கேனன் ஆர்50 போன்றவற்றில் கிடையாது.

படி 3: மவுண்ட்

லென்ஸ் கேமராவோடு பூட்டும் வாய்தான் மவுண்ட், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இங்கே ஏமாந்தால் லென்ஸ் கேமராவில் மாட்டவே மாட்டாது. சோனி இ மவுண்ட் வைத்திருப்பவர்களுக்குத் தேர்வு தாராளம். ஃபூஜிஃபிலிம் எக்ஸ் மவுண்டுக்கும் நான் கீழே சொல்லும் இரண்டு ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார் கேமராவுக்கான) லென்ஸ்களும் கிடைக்கின்றன. நிக்கான் இசட் ஃபுல் ஃபிரேமுக்கு (பெரிய சென்சார் கேமராவுக்கு) டாம்ரானின் சில நல்ல ஜூம்கள் உண்டு. கேனன் ஆர்எஃப் பக்கம் கதவு நீண்ட நாள் மூடியே இருந்தது. 2024இல்தான் சிக்மாவும் டாம்ரானும் அனுமதியோடு ஆட்டோஃபோகஸ் லென்ஸ் செய்ய வந்தன, அதுவும் ஏபிஎஸ்-சி லென்ஸ்களோடு. ஃபுல் ஃபிரேம் ஆர்எஃப் கேமரா வைத்திருப்பவர்கள் அடாப்டர் போட்டு, கேனனின் பழைய மவுண்டான இஎஃப் லென்ஸ்களைப் பார்ப்பது நல்லது. செகண்ட் ஹேண்டில் நிறைய வரும்.

படி 4: இரண்டு மூன்றாகச் சுருக்குங்கள்

ஏபிஎஸ்-சி கேமரா என்றால் என் கண்ணில் போட்டி இரண்டுக்கு இடையில்தான். சிக்மா 18-50 எஃப்/2.8, 2021இல் வந்தது, சுமார் 290 கிராம். டாம்ரான் 17-70 எஃப்/2.8, சுமார் 525 கிராம், விசி உண்டு. இரண்டுமே முழு ஜூமிலும் 2.8 தருகின்றன, நாம் தேடியது அதைத்தான்.

கூட்டத்தில் கையை உயர்த்தி, இடிபட்டு, ராத்திரி முழுக்க ரதத்தோடு நடக்கிறவருக்குச் சிக்மா. 290 கிராம் கழுத்தில் தெரியாது. கோயில் திருமணம், பள்ளி விழா என்று ஓரிடத்தில் நின்று எடுப்பவருக்கு, அதிலும் கேமராவில் அதிர்வுத் தடுப்பு இல்லாதவருக்கு, டாம்ரான். மேடைக்குக் கீழே நின்று மணமக்களின் முகத்தை எடுக்க 50க்கும் 70க்கும் உள்ள வித்தியாசம் பெரியது. எனக்கு ஒன்றுதான் என்றால் டாம்ரானையே எடுப்பேன்.

ஏபிஎஸ்-சி டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள பழைய வகை கேமரா) வைத்திருப்பவர்களுக்குச் சிக்மா 18-35 எஃப்/1.8 இன்னும் ஒரு பொக்கிஷம். 2013இல் வந்தது. எஃப்/2.8ஐ விட இரண்டு மடங்குக்கும் மேல் வெளிச்சம். ஆனால் கனம், 35 மி.மீ.க்கு மேல் போகாது, ஃபோகஸ் கொஞ்சம் முன்பின் விழலாம். அதைச் சரிசெய்ய, லென்ஸைக் கணினியோடு இணைக்கும் சிக்மாவின் யுஎஸ்பி டாக் வேண்டியிருக்கும்.

ஃபுல் ஃபிரேமுக்குச் சிக்மா 28-70 எஃப்/2.8 அல்லது டாம்ரான் 28-75 எஃப்/2.8 ஜி2 போதும். டாம்ரான் 35-150 எஃப்/2-2.8 ஆசை காட்டும். ஒரு கிலோவுக்கு மேல் எடை. முதல் லென்ஸாக வேண்டாம்.

படி 5: கடையில்

சொந்த கேமரா, சொந்த மெமரி கார்டு, முழு சார்ஜ் பேட்டரி. "பாஸ், என் கேமராவுல போட்டுப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். முடியாது என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.

எதிரே பெட்டிகள் அடுக்கிய அலமாரி இருக்கும். அதற்கு நேராக நின்று எஃப்/2.8இல் அகலமாக ஒன்று, முழு ஜூமில் ஒன்று எடுங்கள். திரையில் பெரிதாக்கி, நான்கு மூலைகளிலும் உள்ள எழுத்துகளைப் படியுங்கள். நான்கு மூலையும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது லென்ஸின் சுபாவம், விட்டுவிடலாம். மூன்று மூலை கூர்மை, ஒன்று மட்டும் கலங்கல் என்றால் உள்ளே கண்ணாடி சரியாக உட்காரவில்லை. அதே மாடலில் வேறு ஒன்றைக் கேளுங்கள். அப்புறம் மேசைக்கு அடியில் உள்ள இருட்டைக் குறிவைத்து ஃபோகஸ் செய்யுங்கள். முன்னும் பின்னும் தடுமாறிக்கொண்டே இருந்தால் ராத்திரியிலும் அதைத்தான் செய்யும்.

செகண்ட் ஹேண்ட் என்றால் கைபேசி டார்ச்சை முன்பக்கமாக அடித்து, பின்பக்கமாகப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்கு அது சகஜம். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

வாரண்டி உள்ளூர் விநியோகஸ்தருடையதா, கடையினுடையது மட்டுமா என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். சில நூறு ரிங்கிட் வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும்.

படி 6: முதலில் பாசார் மாலாம், அப்புறம் ரதம்

புது லென்ஸை நேராகத் தைப்பூசத்துக்குக் கொண்டு போகாதீர்கள். வீட்டுப் பக்கத்துப் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், பழகுங்கள். எல்இடி விளக்கு, புகை, நடமாட்டம், எல்லாம் அங்கே உண்டு.

ஷட்டரை 1/125க்கு ஏற்றலாம் என்று மேலே சொன்னேன். எல்இடி விளக்குக்குக் கீழே அதை 1/100 ஆக்குங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் அதோடு ஒத்துப் போகாவிட்டால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். 1/100உம் 1/50உம் பத்திரமானவை. ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, உச்ச வரம்பை 6400இல் வையுங்கள்.

அடுத்தது ஃபோகஸ். ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ., எஃப்/2.8, ஒன்றரை மீட்டர் தூரம் என்றால் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 10 செ.மீ. மட்டுமே. அலகு குத்தியவரை எடுக்கும்போது கேமரா வேலின் நுனியில் போய் உட்கார்ந்துகொள்ளும், கண் மங்கிவிடும். கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் ஒற்றைப் புள்ளியைக் கண்ணில் வையுங்கள். இரண்டு பேர் முன்பின்னாக நின்றால் எஃப்/4க்கு இறங்குங்கள். ஃபிளாஷ் வேண்டாம். அருளில் இருப்பவரின் முகத்தில் அதை அடிப்பது மரியாதை இல்லை.

லென்ஸுக்கு முன்னால் போடும் யுவி ஃபில்டரை இரவில் கழற்றிவிடுவது என் வழக்கம். ரத விளக்குகள் அதில் பட்டுப் படத்தில் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். காலையில் பால்குடம் வரும்போது திரும்ப மாட்டிவிடுவேன், பால் தெறிக்கும்.

வீடு திரும்பியதும் லென்ஸின் மேல் விபூதித் தூள் படிந்திருக்கும். துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். முதலில் ஊதுகுழலால் ஊதித் தள்ளிவிட்டு அப்புறம் மென்மையான துணி. டிரை கேபினெட் இல்லாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரம் காட்டும் சின்ன மீட்டர் போதும். மீட்டர் 40க்கும் 50க்கும் நடுவே நிற்க வேண்டும். 60ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள்.