‘கவர்மென்ட் காலேஜ்தானே’ என்று வருகிறவர்களுக்கு

செங்கம் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடையும் இ-சேவை மையமும் வைத்திருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து ஆகஸ்ட் வரைக்கும் கடை வாசலில் ஓடுகிற பேச்சு இதுதான்: “கவர்மென்ட் காலேஜ்தானேக்கா, ஃபீஸ் என்ன பெருசா வந்துடப் போகுது?” வரும். எந்த வழியாக வரும், அதில் எதைக் குறைக்கலாம், அதற்கு எந்தத் தாள் எப்போது கையில் இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அலுத்துவிட்டது. எழுதிவிடுகிறேன்.

முதலில், பெயர்ப் பலகையில் ‘அரசு’ என்று இருப்பதை வைத்து ஃபீஸை முடிவு செய்யாதீர்கள். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்கு டியூஷன் ஃபீஸ் 2007-08இலேயே ரத்தாகிவிட்டது. விண்ணப்பிக்க 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய்தான். இதே நினைப்போடு ஒரு பல்கலைக்கழகத் துறைக்குப் போனால் கதை வேறு. ஒரே வளாகத்தில் ஒரு பாடப்பிரிவு அரசுப் பணத்தில் நடக்கும். பக்கத்துப் பிரிவு ‘செல்ஃப் சப்போர்ட்டிங்’காக, பிள்ளைகள் கட்டுகிற பணத்திலேயே நடக்கும். பொறியியல் கலந்தாய்வில் சாய்ஸ் கொடுக்கும்போது பாடப்பிரிவின் பெயரை ஒட்டி எஸ்.எஸ். என்று இரண்டு எழுத்து நிற்கிறதா பாருங்கள். நின்றால் அது சுயநிதி. மார்க்கும் ரேங்க்கும் மனப்பாடமாக வைத்திருக்கிற பிள்ளைகள்கூட இந்த இரண்டு எழுத்தைக் கவனிப்பதில்லை.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொன்னால் புரியும். 2013இல் அதன் நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொண்டது. ஆனாலும் அங்கிருந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். பிள்ளைகள் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கு மேல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து போராடிய பிறகுதான், 2021இல் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறி, மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளைப் போல 13,610 ரூபாய் என்று ஆனது. அத்தனை வருடமும் போர்டில் அரசு இருந்தது, ரசீதில் இல்லை.

ஐ.ஐ.டி.யும் அரசினுடையதுதான். 2016இல் அங்கே பி.டெக். டியூஷன் ஃபீஸ் ஆண்டுக்கு 90,000 ரூபாயிலிருந்து 2 லட்சத்துக்குப் போனது. எல்லோருக்கும் தெரிந்த செய்தி அது. அதோடு சேர்ந்து வந்த இன்னொன்று அவ்வளவாகத் தெரியாது: எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு டியூஷன் ஃபீஸ் முழுசாகக் கிடையாது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1 லட்சத்துக்குள் இருந்தால் அவர்களுக்கும் கிடையாது. 1 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை என்றால் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் போதும். ஏற்றமும் சலுகையும் இப்படித்தான் சேர்ந்தே வருகின்றன. ஏற்றம் எல்லோருக்கும் தானாக வந்து சேரும், சலுகை தாளைக் காட்டுகிறவருக்குத்தான்.

சரி, கல்லூரியில் என்ன கேட்க வேண்டும்? “மொத்தம் எவ்வளவு?” என்று கேட்காதீர்கள். வரிவரியாகக் கேளுங்கள். டியூஷன், ஸ்பெஷல் ஃபீஸ், லேப், லைப்ரரி, கடைசியில் திருப்பித் தர வேண்டிய காஷன் டெபாசிட், ஹாஸ்டல், மெஸ் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். காரணம், நாம் வாங்கப் போகிற சலுகைகளில் பல டியூஷன் ஃபீஸ் என்ற ஒரு வரியை மட்டும்தான் தொடும். கல்லூரி டியூஷனைக் குறைவாக வைத்துக்கொண்டு மற்ற வரிகளை ஏற்றினால், சலுகை கையில் இருந்தும் பை காலியாகும். மெஸ்ஸில் ‘டிவைடிங் சிஸ்டம்’ என்றால் மாதச் செலவைச் சாப்பிடுகிற தலைகளால் வகுத்துப் போடுவார்கள். போன வருடத்து சீனியரிடம் அவன் கட்டிய பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆபீஸில் சொல்கிற கணக்கைவிட அது நிஜம்.

பரீட்சை ஃபீஸைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சத்தமில்லாமல் ஏறுவது அதுதான். 2023இல் அண்ணா பல்கலைக்கழகம் ஒரு பேப்பருக்கு 150 ரூபாய் என்றிருந்ததை 225 ஆக்கியது. ஒன்பது பேப்பர் எழுதுகிற பிள்ளைக்கு ஒரு செமஸ்டருக்கு 1,350 கட்டிய இடத்தில் 2,025. எதிர்ப்பு வந்ததும் அப்போதைக்கு நிறுத்தி வைத்தார்கள். பல்கலைக்கழகங்களை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. சம்பளமும் பென்ஷனும் கொடுக்கவே சிலவற்றுக்குத் திணறல். 2024இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளையே வருமான வரித் துறை முடக்கியது. அரசிடமிருந்து வர வேண்டியது குறைந்தால், உடனே கை வைக்க முடிகிற இடம் பிள்ளைகள் கட்டுகிற ஃபீஸ்தான். ஆகவே நான்கு வருடக் கணக்குப் போடும்போது முதல் வருட ஃபீஸை நான்கால் பெருக்கி நிறுத்தாதீர்கள். பரீட்சை, மெஸ் இரண்டுக்கும் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். அரியர் விழுந்தால் அந்தப் பேப்பருக்கு மறுபடியும் ஃபீஸ் என்பதைப் பிள்ளையிடமும் சொல்லி வையுங்கள்.

இனி என் கடை வேலை. சீட் கிடைத்த பிறகு தாள் தேட ஆரம்பிப்பது பெரும்பாலான வீட்டில் நடக்கிறது. பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு ஆரம்பியுங்கள். ஏப்ரலில் என் கடையில் ஈ ஓட்டுகிறேன், ஜூனில் வரிசை சாலை வரைக்கும் நிற்கிறது. வருவாய்த் துறைச் சான்று ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று ஆன்லைனில் நகரும். ஜூனில் அவர்கள் மேசையிலும் அதே வரிசைதான்.

சாதிச் சான்று ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். காப்பீட்டு அட்டைக்காக 72,000 என்று போட்டு எப்போதோ வாங்கியதை லேமினேஷன் செய்து கொண்டுவருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது செல்லாது. கேன் நம்பர் (இ-சேவையில் சான்று கேட்பவருக்குத் தருகிற பதிவு எண்) வாங்கும்போது கொடுத்த செல்போன் நம்பர் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். சிம்மை மாற்றிவிட்டு ஓ.டி.பி. வரவில்லை என்று என் முகத்தைப் பார்த்தால் நான் என்ன செய்வேன்?

முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றுக்குக் கொஞ்சம் கூடுதல் நாள் வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டி வரைக்கும் யார் என்ன படித்தார்கள் என்று கேட்பார்கள். அண்ணன் ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்துக்கொண்டிருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டுமே செல்லும். தனியார் பொறியியல் கல்லூரியில் கலந்தாய்வு சீட் என்றால் ஆண்டுக்கு 25,000 ரூபாய் டியூஷனில் கழியும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் போய்ச் சேர்ந்துவிட்டு இந்தச் சான்றைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளை என்றால் மற்றதை எல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதலில் 7.5 சதவீத ஒதுக்கீட்டைப் பாருங்கள். 2020இல் மருத்துவத்துக்கு வந்தது, 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அதில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாமே அரசு பார்த்துக்கொள்கிறது. இதைவிடப் பெரிய சலுகை என் கம்ப்யூட்டரில் நான் பார்த்ததில்லை. இடையில் ஒரு வருடம் இங்கிலீஷ் மீடியம் ஆசையில் தனியார் பள்ளிக்கு மாற்றியவர்கள் படுகிற வருத்தத்தையும் பார்த்திருக்கிறேன். எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் இப்போதே யோசியுங்கள்.

அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். இதற்கு என் கடைக்கு வர வேண்டாம், கல்லூரியிலேயே யுமிஸ் நம்பர் (கல்லூரி மாணவருக்கு அரசு இணையதளத்தில் தருகிற அடையாள எண்) போட்டுப் பதிவார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பி.சி., எம்.பி.சி. உதவித்தொகைகளுக்கு வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பிளஸ் டூவில் நல்ல மார்க், வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் தேசிய உதவித்தொகை போர்ட்டலில் மத்திய அரசின் திட்டம் ஒன்று இருக்கிறது: முதல் மூன்று வருடம் ஆண்டுக்கு 12,000. பொறியியல் சேர்கிற பெண்ணுக்கு தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 தருகிறது, வருமான வரம்பு 8 லட்சம். இரண்டு உதவித்தொகையை ஒரே நேரத்தில் வாங்க முடியாத இடங்கள் உண்டு. விதியைப் படித்து எது பெரியதோ அதற்குப் போடுங்கள்.

பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் வங்கிக் கணக்குதான் காரணம். கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும், ஆதார் சீடிங் (அரசு உதவிப் பணம் அந்தக் கணக்குக்கு வரும்படி ஆதாரை இணைப்பது) ஆகியிருக்க வேண்டும். வங்கியில் ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தது வேறு, சீடிங் வேறு. மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் பின்னால் என்று இருந்தால் சேர்க்கைக்கு முன்பே ஆதாரைத் திருத்துங்கள். எஸ்.சி. உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு இப்போது நேராகப் பிள்ளையின் கணக்குக்கு வருகிறது. அது கல்லூரிக்குக் கட்ட வேண்டிய காசு. வந்த அன்றைக்கே போன் வாங்கிவிட்டு, ஹால் டிக்கெட் சமயத்தில் வட்டிக்கு அலைகிற குடும்பங்கள் உண்டு.

கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி போர்ட்டலில் போடுங்கள், விண்ணப்ப எண்ணை எழுதி வையுங்கள். 4 லட்சம் வரை உங்கள் பங்கு என்று எதுவும் கட்ட வேண்டியதில்லை, 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. தொழிற்படிப்பு, வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் படிக்கிற காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கிற திட்டம் இருக்கிறது, வங்கியில் வாயைத் திறந்து கேளுங்கள். “நீங்க எங்க சர்வீஸ் ஏரியா இல்லை” என்று திருப்பி அனுப்பினால், அந்தக் காரணத்துக்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இலேயே சொல்லியிருப்பதை நினைவுபடுத்தி, மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் பேச்சின் தொனி மாறுவதைக் கவனித்திருக்கிறேன்.

ஹாஸ்டல் செலவுதான் தாங்கவில்லை என்றால் அரசு நல விடுதிகளைப் பாருங்கள். 2025 ஜூலையிலிருந்து சமூகநீதி விடுதி என்று பெயர். தங்கலும் சாப்பாடும் இலவசம், கல்லூரிப் பிள்ளைகளுக்கும் உண்டு. வசதி ஊருக்கு ஊர் வேறுபடும். ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடைசித் தேதியில் பணம் கட்டாதீர்கள். 2024இல் உத்தரப் பிரதேசத்துத் தினக்கூலி ஒருவரின் மகன் தன்பாத் ஐ.ஐ.டி. சீட்டுக்கு 17,500 ரூபாயைக் கடைசி நிமிடத்துக்குள் கட்ட முடியாமல் சீட்டை இழந்தான். செப்டம்பர் 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தலையிட்டு அரசியல் சாசனத்தின் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தித்தான் அதை மீட்டுக் கொடுத்தது. எல்லோருக்கும் டெல்லி வரை போக முடியாது. சர்வர் மதியத்துக்கு மேல் படுத்துவிடும், யு.பி.ஐ. தினசரி வரம்பு இடிக்கும். இரண்டு நாள் முன்பாகவே கட்டுங்கள், காலையில் கட்டுங்கள்.

ஒரு இடத்தில் கட்டிவிட்டு வேறு நல்ல இடம் கிடைத்தால் கட்டிய பணம் போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளுக்கு முன்பே விலகினால் சிறு செயலாக்கக் கட்டணம் போக முழுப் பணமும், அதற்குப் பிறகு கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவீதமும், கடைசித் தேதி தாண்டி 15 நாளுக்குள் என்றால் 80 சதவீதமும், 30 நாளுக்குள் என்றால் 50 சதவீதமும் திருப்பித் தர வேண்டும். காஷன் டெபாசிட் தனி, அது முழுசாக வர வேண்டும். ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. விலகல் கடிதத்தைத் தேதி போட்டு இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்து, ஒன்றில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டின ரசீதை அன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். என் கடையில்தான் எடுக்க வேண்டும் என்றில்லை, ஆனால் எடுங்கள். அந்த தெர்மல் பேப்பர் ரசீதில் நான்கு மாதத்தில் எழுத்தே இருக்காது.