டி.எஸ்.எச். ஏறினால் மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்: தைராய்டு, வைட்டமின் டி, கால்சியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது ஏறும்) கூடியிருந்தால் தைராய்டு மாத்திரையின் அளவையும் கூட்டிவிட வேண்டும் என்றே பலரும் நினைக்கிறார்கள். 50 மைக்ரோகிராம் 75 ஆகிறது, 75 நூறாகிறது. எண் மட்டும் அடங்குவதில்லை. அப்போது முதலில் விசாரிக்க வேண்டியது சுரப்பியை அல்ல, அந்த மாத்திரை எப்போது, எதனுடன் வயிற்றுக்குள் போகிறது என்பதை.

அந்த மாத்திரையிலுள்ள லெவோதைராக்சின் மருந்தைக் குடல் சரியாக உறிஞ்ச வெறும் வயிறும் வெறும் தண்ணீரும் வேண்டும். அதன்பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேறு எதுவும் உள்ளே போகக் கூடாது. இடையில் காப்பி நுழைந்தால் உறிஞ்சப்படும் அளவு குறையும். கால்சியமும் இரும்புச் சத்து மாத்திரையும் இன்னும் மோசம். குடலுக்குள்ளேயே மருந்தைப் பிடித்துக் கட்டிவிடும். இவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. நம் வீடுகளிலோ, மறந்துவிடும் என்று பயந்து எல்லா மாத்திரைகளையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்கிவிடுகிறோம்.

குமரி மாவட்டத்தில் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே எழுந்து, ஒரு கட்டன் சாயாவுடன் கிளம்பிவிடுவார்கள். மருந்துச் சீட்டில் இருக்கும் ‘காலை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்’ என்ற வரி இவர்களை நினைத்து எழுதப்பட்டதல்ல. இதற்கு வழி இருக்கிறது. இரவில் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது இதை விழுங்கலாம். 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், காலையில் எடுத்ததைவிட இரவில் எடுத்தபோது டி.எஸ்.எச். நன்றாகவே கட்டுப்பட்டது. மருத்துவரிடம் சொல்லிவிட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். வெட்கப்பட்டுக்கொண்டு சாயாவை மறைப்பதில்தான் ஆபத்து.

இன்னொரு பழக்கம், பரிசோதனைக்கு ஒரு வாரம் இருக்கும்போது மட்டும் மாத்திரையை ஒழுங்காக எடுப்பது. இந்த மாத்திரை தரும் டி4 என்ற தைராய்டு ஹார்மோனின் அளவு உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். டி.எஸ்.எச். அதைவிடச் சோம்பேறி, நிலைக்கு வர ஆறு வாரமாவது பிடிக்கும். அதனால் டி4 சரியாகவும் டி.எஸ்.எச். கூடுதலாகவும் இருக்கும் ஒரு விசித்திர ரிப்போர்ட் வரும். உண்மையைச் சொல்லாவிட்டால் அளவு கூட்டப்படும். பிறகு ஒழுங்காக விழுங்கத் தொடங்கினால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் வந்து நிற்கும்.

முடி உதிர்வுக்காகக் கடையில் வாங்கும் பயோட்டின் என்ற வைட்டமினும் கணக்கைக் குழப்பும். முடி உதிர்வது தைராய்டு குறைவின் அறிகுறிகளுள் ஒன்று என்பதால், ஒருவரே இரண்டையும் விழுங்குவது சாதாரணம். பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினைப் பிணைத்து இயங்கும் வேதிமுறையைப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் பயோட்டின் அதிகமிருந்தால் டி.எஸ்.எச். உள்ளதைவிடக் குறைவாகவும் டி4 கூடுதலாகவும் காட்டும். தைராய்டு குறைவுள்ளவர், காகிதத்தில் தைராய்டு மிகைப்பு உள்ளவராகிவிடுவார்! பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும்.

டி.எஸ்.எச். சற்றே கூடி 6 அல்லது 7, டி4 சரி. இந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து வாழ்நாள் மாத்திரையைத் தொடங்குவதும் அவசரம்தான். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால் பலருக்கு எண் தானாகவே இறங்கியிருக்கும். 65 வயதைத் தாண்டிய 737 பேரை வைத்து ஐரோப்பாவில் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. இத்தகைய லேசான குறைவுக்கு மாத்திரை கொடுத்தும் அவர்களின் சோர்வோ மற்ற அறிகுறிகளோ குறையவில்லை. ஆனால் இந்த முடிவைக் கர்ப்பிணிகளுக்குப் பொருத்தக் கூடாது. ‘குழந்தைக்கு ஆகாது’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு கர்ப்ப காலத்தில் மாத்திரையை நிறுத்துவதுதான் இந்தப் பட்டியலிலேயே பெரிய தவறு. முதல் மாதங்களில் கருவின் மூளை வளர்ச்சி தாயின் தைராய்டு ஹார்மோனையே நம்பியிருக்கிறது. பலருக்கு அப்போது அளவைக் கால் பங்குக்கு மேல் கூட்ட வேண்டியிருக்கும். நாள் தள்ளிப்போனது தெரிந்த உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

உப்புக்கு வருவோம். ‘நாங்கள் கடற்கரைக்காரர்கள், எங்களுக்கு எதற்கு அயோடின் உப்பு?’ என்ற பேச்சை இந்த மாவட்டத்தில் யார்தான் கேட்டதில்லை? சுவாமித்தோப்பிலும் புத்தளத்திலும் உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கல்லுப்பு மேல் பாசம் இருப்பது நியாயம். கணக்கு மட்டும் உதைக்கிறது. ஒரு லிட்டர் கடல் நீரில் உப்பு சுமார் 35 கிராம். அயோடின் ஏறத்தாழ 60 மைக்ரோகிராம். அது முழுவதும் உப்போடு தங்கினாலும் பத்து கிராம் கல்லுப்பில் 17 மைக்ரோகிராம்தான் தேறும். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குத் தேவை 150, கர்ப்பிணிக்கு 250. பாத்திகளில் உப்பு விளையும்போது அந்த அயோடினும் பெரும்பாலும் தங்குவதில்லை. அயோடின் சேர்த்த உப்போ, சட்டப்படி வாங்குபவர் கைக்கு வரும்போது 15 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 15 பங்கு) அயோடினாவது கொண்டிருக்க வேண்டும். பத்து கிராமுக்கு 150 மைக்ரோகிராம்! கடல் மீனில் அயோடின் உண்டு என்பது உண்மை. தினமும் மீன் கிடைக்கிற வீடு எத்தனை என்பது வேறு கேள்வி.

மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) இங்கே வந்து சேர்கிறது. அதிலுள்ள லினமரின் என்ற பொருளிலிருந்து சயனைடு வெளிப்படும். உடல் அதைத் தயோசயனேட்டாக மாற்றும். அது தைராய்டுக்குள் அயோடின் நுழைவதைத் தடுக்கும். இதைக் கேட்டதும் கிழங்கையே ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். தேவையில்லை. நிறைய தண்ணீரில் அவித்து, தண்ணீரை வடித்துக் கொட்டி, சாளைக் குழம்புடன் சாப்பிடலாம். அயோடின் போதுமான அளவு கிடைப்பவருக்கு இது தொந்தரவு தருவது அரிது. எதிர்த்திசையில் போய், தைராய்டுக்கு நல்லது என்று கடற்பாசி மாத்திரை வாங்கி விழுங்குவதுதான் வம்பு. அயோடின் உப்பு பரவலான இடங்களில் தைராய்டு குறைவுக்கு முதன்மைக் காரணம், உடலின் எதிர்ப்பு சக்தி அந்தச் சுரப்பியையே தாக்கும் ஹாஷிமோட்டோ நோய். 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ விவரித்தது இது. இந்த நோயில் அளவுக்கு மீறிய அயோடின் சுரப்பை இன்னும் குறைத்துவிடலாம்.

வைட்டமின் டி விஷயத்தில் இரண்டு கோடிகளிலும் தவறு நடக்கிறது. குமரி முனையில் சூரிய உதயம் பார்க்க நின்றால் கண்ணுக்கு விருந்து. வைட்டமின் டி கிடைக்காது. தோலில் அதை உண்டாக்கும் புற ஊதாக் கதிர் சூரியன் மேலே ஏறிய பிறகே போதிய அளவு வரும். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரம் அது. அந்த நேரம் முழுவதும் முந்திரி ஆலையின் கூரைக்குக் கீழே இருக்கும் பெண்களுக்கு வெயில் மாவட்டத்தில் வாழ்ந்தும் பயனில்லை. மறுகோடியில் 60,000 யூனிட் பொட்டலம். வாரம் ஒன்று என எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்ததைத் தினம் ஒன்றாகச் சாப்பிட்டுவிடுவதும், வலி குறைந்தது என்று மாதக்கணக்கில் தாமாகவே வாங்குவதும் நடக்கிறது. ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும்: தீராத தாகம், மலச்சிக்கல், குமட்டல், கடைசியில் சிறுநீரகப் பாதிப்பு. ‘ஒரே ஊசியில் வருடம் முழுவதற்கும்’ என்ற ஆசையும் நல்லதல்ல. ஆஸ்திரேலியாவில் 70 வயதைத் தாண்டிய 2,256 பெண்களில் ஒரு பாதிக்கு ஆண்டுக்கு ஒரு முறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் வந்த முடிவின்படி, அவர்கள் கீழே விழுவதும் எலும்பு முறிவதும் மற்ற பாதியினரைவிட அதிகமாகவே இருந்தன.

இனி கால்சியம். ரத்தத்தில் அது 9.2 என்று சரியான அளவில் இருந்தால் எலும்பு உறுதி என்று அர்த்தமல்ல. உடலின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ரத்தத்தில் குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் எலும்பிலிருந்து எடுத்துச் சமன் செய்துவிடும். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் இந்தக் குட்டிச் சுரப்பிகளை முதலில் கவனித்தது மனிதனிடத்தில்கூட இல்லை; 1849இல் லண்டன் உயிரியல் பூங்காவில் இறந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவன் அறுத்துப் பார்த்தபோதுதான்.

கால்சியம் 11 என்று வந்தால் ‘கூடத்தானே இருக்கிறது, நல்லதுதான்’ என்று மடித்து வைத்துவிடுகிறார்கள். திரும்பத் திரும்பச் சிறுநீரகக் கல் வருபவருக்கு, எலும்பு வலியும் சோர்வும் உள்ளவருக்கு, இந்த எண்ணுடன் பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்) பரிசோதனையும் பார்த்தாக வேண்டும். பாராதைராய்டில் கட்டி இருந்தால் பெரும்பாலும் ஓர் அறுவைச் சிகிச்சையில் தீரும். தெரியாமல் ஒவ்வொரு கல்லாக எடுத்துக்கொண்டிருந்தால் தீராது.

கல் வந்ததும் பாலையும் நெத்தோலியையும் நிறுத்துவது இன்னொரு பழைய தவறு. 45,000க்கும் மேற்பட்ட ஆண்களை ஆராய்ந்து 1993இல் வெளியான அமெரிக்க ஆய்வு நேர்மாறாகச் சொன்னது: உணவில் கால்சியம் அதிகம் எடுத்தவர்களுக்கே கல் குறைவு. சாப்பாட்டிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியேற்றிவிடுகிறது.

கால்சியம் மாத்திரை எவ்வளவு சாப்பிட்டும் கை மரத்துப்போவது நிற்கவில்லையா? மக்னீசியம் பாருங்கள். அது மிகவும் குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் சுரப்பதே தடைபடும். குடிப்பழக்கமும், ஆண்டுக்கணக்கில் விழுங்கும் வாயு மாத்திரைகளும் அதைக் குறைக்கக்கூடியவை.

தைராய்டை முழுவதுமாக அகற்றியவர்கள் வீடு திரும்பியபின் ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று கால்சியத்தை நிறுத்தக் கூடாது. அறுவையின்போது பக்கத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் சில காலம் செயலிழக்கலாம், சிலருக்கு நிரந்தரமாகவே. உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊறுவதுபோல் இருந்தால், கை தானாக மடங்கி இழுத்தால், அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்க வேண்டாம். ராத்திரியானாலும், ஆசாரிப்பளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை போக வேண்டியிருந்தாலும், டிஸ்சார்ஜ் சீட்டுடன் உடனே கிளம்ப வேண்டும்.