பிங் அடித்தால் உள்ளே என்ன நடக்கிறது: டேட்டா லிங்க் லேயரை வயர்ஷார்க்கில் பார்ப்போம்

போன மாதம் எங்கள் அலுவலகப் பிரிண்டர் ஐந்து நிமிடம் வேலை செய்யும், பத்து நிமிடம் காணாமல் போகும். கேபிளை மாற்றினேன், டிரைவரை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. நெட்வொர்க்கில் போய்வரும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்ததும்தான் பிடிபட்டது. யாரோ ஒரு கேமராவுக்கும் பிரிண்டரின் ஐபியையே (நெட்வொர்க் முகவரி) கையால் போட்டிருந்தார்கள், அதனால் "இந்த ஐபி யாருடையது?" என்று என் கணினி கேட்டபோதெல்லாம் இரண்டு பேர் "நான்தான்" என்று பதில் சொன்னார்கள். அப்படிக் கேட்டு, அந்த ஐபிக்கு உரிய மேக்கை (நெட்வொர்க் கார்டின் முகவரி) தெரிந்துகொள்ளும் முறைக்குப் பெயர் ஏஆர்பி. ஒரே லேனுக்குள் ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்குச் செய்தியைக் கொண்டுபோகும் அடுக்குதான் டேட்டா லிங்க் லேயர். ஏஆர்பி 1982 முதல் இருக்கிறது.

முதலில் வயர்ஷார்க்கைப் போடுங்கள். டிசிபிடம்ப்பும் நல்ல கருவிதான், ஆனால் புதிதாகப் பழகுபவர்களுக்கு ஒவ்வொரு பைட்டையும் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத்தான் சொல்வேன். லேன் கேபிளில் செய்யுங்கள். வைஃபை ஃபிரேம் (பாக்கெட்டைச் சுற்றிய உறை) வேறு மாதிரி இருக்கும், அதை ஈதர்நெட் (லேன் கேபிளின் முறை) போல மாற்றித்தான் உங்களுக்குக் காட்டும்.

அப்புறம் ஃபில்டர் பெட்டியில் arp or icmp என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள் (ஐசிஎம்பி என்பது பிங் பயன்படுத்தும் முறை). விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் arp -d * என்று கொடுங்கள். பழைய பதில்கள் அழிந்தால்தான் கணினி மறுபடி கேட்கும். இப்போது கூகுள் சர்வரான 8.8.8.8-க்கு பிங் அடியுங்கள், அதாவது "இருக்கிறாயா?" என்று கேட்டுப் பாருங்கள்.

ஏஆர்பி கேள்வி எஃப்எஃப் என்று ஆறு தடவை வரும் முகவரிக்குப் போகும், அதாவது எல்லோருக்கும். பதில் உங்களுக்கு மட்டும் வரும். (பிரவுசர் பின்னணியில் ஏதாவது செய்துகொண்டிருந்தால் பிங்குக்கு முன்பே இது நடந்திருக்கும், மேலே தேடிப் பாருங்கள்.)

நான் மாட்டிக்கொண்டது இதற்கு அடுத்த இடத்தில். பிங் பாக்கெட்டில் ஈதர்நெட் வரியைத் திறந்தால் பெறுநர் மேக் 6 பைட், அனுப்புநர் மேக் 6 பைட், வகை 2 பைட். பெறுநர் இடத்தில் கூகுள் சர்வரின் மேக் இருக்கும் என்று நினைத்துத் தேடினேன், இருந்ததோ எங்கள் ரூட்டருடையது. அதுதான் சரி. இரண்டு பஸ் மாறி ஊருக்குப் போகும்போது போய்ச் சேர வேண்டிய ஊர் மாறாது, ஆனால் ஒவ்வொரு பஸ்ஸிலும் டிக்கெட் அடுத்து இறங்கும் இடத்துக்குத்தான். ஊர் ஐபி, டிக்கெட் மேக். ரூட்டர் பழைய ஃபிரேமைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியது மாட்டி அனுப்பும். ஏஆர்பி கேள்வியும் 8.8.8.8 யார் என்று கேட்காது, ரூட்டரின் ஐபி யாருடையது என்றுதான் கேட்கும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாலை முழுக்கப் போனது.

இன்னொன்று, அளவு. நீங்கள் அனுப்பிய ஏஆர்பி 42 பைட், வந்த பதில் பெரும்பாலும் 60. தலைப்பு 14, ஏஆர்பி 28, ஆக 42. ஆனால் ஈதர்நெட் ஃபிரேம் 64 பைட்டுக்குக் குறையக் கூடாது. எல்லோரும் ஒரே கேபிளைப் பகிர்ந்த 10 மெகாபிட் காலத்தில், மோதல் நடந்த செய்தி திரும்பி வரும்வரை அனுப்புபவர் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக வந்த விதி அது. குறையும் 18 பைட்டை நெட்வொர்க் கார்டு நிரப்பும், ஆனால் வயர்ஷார்க் அதற்கு முன்பே பார்த்துவிடுகிறது. மீதி 4 பைட் பிழை சோதனை. அதைக் கார்டே சரிபார்த்துக் கழித்துவிடும். தப்பாக இருந்தால் ஃபிரேமைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்பது ஈதர்நெட்டின் வேலை இல்லை, தேவைப்பட்டால் மேலே இருக்கும் டிசிபி போன்ற முறைகள் பார்த்துக்கொள்ளும்.

பின்சேர்க்கை: அழிக்கும் கட்டளை அனுமதி இல்லை என்கிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறங்கள். தன் கணினிக்கே பிங் அடித்துவிட்டு எதுவும் வரவில்லை என்றார் ஒருவர். அது கார்டுக்கே வராமல் கணினிக்குள்ளேயே திரும்பிவிடும், வேறு கணினிக்கு அடியுங்கள். போனின் மேக் ஒவ்வொரு வைஃபையிலும் வேறாக இருப்பது பழுது இல்லை. மேக்கின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தால் அது போன் தானே போட்டுக்கொண்ட முகவரி.