இளம் வேகப்பந்து வீச்சாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முக்கியமாக அந்த ஒன்று

சென்ற மாதம் நெட்ஸில் 16 வயதுப் பையன் ஒருவன், ஒவ்வொரு பந்தையும் போட்டுவிட்டுத் திரும்பி நடக்கும்போது இடது கையை இடுப்புக்குப் பின்னால் வைத்து அழுத்திக்கொண்டே நடந்தான். "என்னடா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல சார், லேசாப் பிடிச்சிருக்கு" என்றான். 18 வயதில் நான் சொன்ன அதே பதில். அன்று இரவே இதை எழுத உட்கார்ந்தேன்.

நோ பால் போடுவது, லெக் சைடில் இரைப்பது, யார்க்கர் ஃபுல் டாஸாகப் போவது இதையெல்லாம் எந்தக் கோச்சும் முதல் வாரத்திலேயே திருத்திவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதுகு வலியை மறைப்பது

2011 நவம்பர், ஜோகன்னஸ்பர்க். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பேட் கம்மின்ஸுக்கு வயது 18. அதற்கு முன் அவர் ஆடியிருந்தது மூன்றே முதல்தர ஆட்டங்கள். முதல் டெஸ்டிலேயே தென்னாப்பிரிக்காவின் இரண்டாம் இன்னிங்ஸில் 79 ரன் கொடுத்து 6 விக்கெட். 310 ரன் இலக்கைத் துரத்தி ஆஸ்திரேலியா ஜெயித்தபோது கடைசி ரன்களை அடித்தவரும் அவர்தான். ஆட்ட நாயகன் விருதும் கிடைத்தது. சரி, அடுத்த டெஸ்ட்டை அவர் எப்போது ஆடினார்? 2017 மார்ச்சில், ராஞ்சியில். நடுவில் 1,946 நாள் போய்விட்டது. முதலில் குதிகால் எலும்பு, அப்புறம் முதுகு, திரும்பவும் முதுகு.

ஜோகன்னஸ்பர்க் டெஸ்டுக்கு எட்டு மாதம் முன்பு, 17 வயதில், ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுத் தொடரான ஷெஃபீல்ட் ஷீல்டின் இறுதி ஆட்டத்தில் அவர் 65 ஓவர் போட்டிருந்தார். வளரும் எலும்புக்கு அது எவ்வளவு பெரிய சுமை என்று பந்து வீசியவர்களுக்குத் தெரியும். கம்மின்ஸ் வலியை மறைத்தார் என்று நான் சொல்லவில்லை. பிசியோ, டாக்டர், ஸ்கேன் என்று எல்லா வசதியும் பக்கத்திலேயே இருந்த பையனுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் போனது என்றால், வீட்டில் தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் மேட்சுக்கு ஓடும் நம் பையன்களின் கதி என்ன?

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வலது கை வேகப்பந்து வீச்சாளர் இடது காலை ஊன்றும் கணத்தில், உடல் எடையைப் போல ஐந்து மடங்குக்கும் மேலான விசை அந்தக் காலில் இறங்குகிறது. அதே கணத்தில் கீழ்முதுகு பின்னால் வளைகிறது, ஒரு பக்கம் சாய்கிறது, முறுக்கவும் செய்கிறது. முதுகெலும்பின் கடைசி இரண்டு மூன்று கண்ணிகளின் பின்புறம் இருக்கும் மெல்லிய எலும்புப் பாலம்தான் இதையெல்லாம் தாங்குகிறது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒரு கட்டத்தில் விரிசல் விடுமே, அந்த மாதிரிதான். வலது கைக்காரர்களுக்குப் பெரும்பாலும் இடது பக்கம் விரிசல் விடும். எலும்பு முழு வலுவுக்கு வருவதே இருபதைத் தாண்டித்தான்.

நான் மூன்றாம் டிவிஷன் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தேன். இடது இடுப்புக்கு மேலே, கட்டைவிரலால் தொட்டுக் காட்டுகிற மாதிரி ஒரே இடத்தில் வலி. கேப்டனிடம் சொன்னால் அடுத்த மேட்சில் உட்கார வைத்துவிடுவார் என்ற பயம். அம்மா தைலம் தேய்த்துவிடுவார், காலையில் கொஞ்சம் தேவலாம் போல இருக்கும், போய் 14 ஓவர் போடுவேன். மூன்று வாரம் கழித்து எக்ஸ்ரே எடுத்தேன். "சுத்தமா இருக்கு, தசைப்பிடிப்புதான்" என்றார்கள். அதை நம்பி இன்னும் ஒன்றரை மாதம் வீசினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷூ லேஸ் கட்டக் குனிய முடியவில்லை. ஒன்றரை சீசன் போனது. திரும்பி வந்தபோது பழைய வேகம் வரவில்லை, அதன்பிறகும் வரவே இல்லை. முதல் வாரத்தில் வாயைத் திறந்திருந்தால் மூன்று நான்கு மாத ஓய்வோடு முடிந்திருக்கும். இத்தனை வருடம் கழித்தும் இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இந்தக் காயம் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுத்தால், விரிசல் விடும் முன்பே எலும்புக்குள் இருக்கும் வீக்கம் தெரியும். தசை வலி என்றால் பொதுவாக இரண்டு பக்கமும் பரவலாக இருக்கும், இரண்டு மூன்று நாளில் விட்டுவிடும். ஒரே பக்கம், ஒரே இடம், பின்னால் வளைந்தால் கூடுகிறது, பந்து போட்டால் கூடுகிறது என்றால் அன்றைக்கே பந்தைக் கீழே வைத்துவிட்டு, விளையாட்டுக் காயம் பார்க்கும் டாக்டரிடம் போய்விடுங்கள்.

பந்துகளை எண்ணாமல் விடுவது

மேட்சில் போட்ட ஓவரை மட்டும் எண்ணுகிறார்கள். காலை நெட்ஸ், பள்ளி டீம், லீக், ஞாயிறு டென்னிஸ் பால் மேட்ச் எல்லாம் ஒரே முதுகில்தான் ஏறுகிறது. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 14, 15 வயதுக்குட்பட்டோருக்கு வகுத்த வரம்பு ஒரு ஸ்பெல்லுக்கு (ஓய்வில்லாமல் ஒரே மூச்சில் வீசுவது) 6 ஓவர், ஒரு நாளைக்கு 12. நம் ஊரில் அதைக் கோச் ஒரே காலையில் தாண்ட வைத்துவிடுகிறார். ஒரு சின்ன நோட்டு போதும். தினமும் பந்துகளை எழுதுங்கள்.

அடுத்தவர் ஆக்‌ஷனைக் காப்பியடிப்பது

பும்ரா கையை வீசும் விதம் பும்ராவின் உடம்புக்கு மட்டும்தான்.

இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம்

இடுப்பு பேட்ஸ்மேனைப் பார்த்தும் தோள் பக்கவாட்டில் திரும்பியும் இருந்தால் முறுக்கு முழுவதும் கீழ்முதுகில் விழும். ஆஸ்திரேலியாவின் பழைய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி 1973 மேற்கிந்தியத் தீவுகள் பயணத்தில் முதுகு எலும்பில் விரிசல் விட்டு வெளியேறினார், உடம்பைத் தேற்றிக்கொண்டு 1974-75 ஆஷஸில் திரும்பினார். 1987 முதல் சென்னையில் வேகப்பந்துப் பயிற்சி தரும் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனில் நம் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். கம்மின்ஸின் முதுகு திரும்பத் திரும்பப் படுத்தியபோது, அவருடைய ஆக்‌ஷனைச் சீர்செய்ய உதவியதும் அதே லில்லி. இந்தத் திருத்தத்தை வீடியோ பார்த்து நீங்களாகச் செய்ய வேண்டாம். சீசன் நடுவிலும் வேண்டாம்.

ஃபோன் ஆப்பில் வேகம் பார்ப்பது

வேண்டாம்.

வலி போனதும் முழு ரன்னப்

வலி நின்றுவிட்டது என்பதாலேயே எலும்பு கூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். முதலில் நின்ற இடத்திலிருந்து, அப்புறம் நாலடி நடந்து, பாதி ரன்னப் (ஓடி வரும் தூரம்), அதன்பிறகு முழு ரன்னப். வாரத்துக்கு வாரம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒரே வாரத்தில் பந்துகளை இரட்டிப்பாக்கினால் காயம் திரும்பி வரும். இத்தனை கவனமாகத் திரும்பிய கம்மின்ஸுக்கே 2025இல் மறுபடியும் கீழ்முதுகு எலும்பில் அழுத்தக் காயம் வந்தது.

அந்தப் பையனுக்கு ஸ்கேன் எடுத்தாயிற்று. விரிசல் இல்லை, வீக்கம் மட்டும்தான். நான்கு மாதம் பந்து வீசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவன் அப்பா என்னிடம் கோபமாகத்தான் பேசினார், அண்டர் 16 செலக்‌ஷன் அடுத்த மாதம். பையன் நேற்று கிரவுண்டுக்கு வந்து, மற்றவர்கள் போட்ட பந்துகளை என் நோட்டில் எண்ணி எழுதிக்கொண்டிருந்தான்.