வயதைத் திருத்தப் போகுமுன்: இலங்கை மலையகத்தில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

"சார், ஐசியில வயசு பிழையா விழுந்திருச்சு. அத மட்டும் மாத்தணும்." விண்ணப்பம் நிரப்பித் தரச் சொல்லி வருபவர்கள் பலர் இப்படித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். தவறும் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. அடையாள அட்டையில் வயது தானாக விழாது. ஆட்பதிவுத் திணைக்களம் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துப் போடுகிறது. அந்தச் சான்றிதழும் பதிவாளரின் ஏட்டில் இருப்பதன் பிரதிதான். ஏட்டில் உள்ள வரியைப் பார்க்காமல் அட்டையைத் திருத்த ஓடினால், போன வேகத்தில் திரும்பி வரவேண்டியதுதான்.

அதனால் முதலில் புதிதாக ஒரு பிரதி எடுங்கள். கணினியில் ஏற்றப்பட்ட பதிவு என்றால் எந்தப் பிரதேச செயலகத்திலும் எடுக்கலாம். பழைய ஏடு என்றால் பதிவு நடந்த இடத்துக்கே போகவேண்டும். அந்த இடம் எது என்பதிலும் ஆட்கள் சறுக்குகிறார்கள். பிறப்பு நடந்த இடத்தில்தான் பதிவு நடக்கும், குடும்பம் இருந்த இடத்தில் அல்ல. நுவரெலியா மாவட்டத் தோட்டத்துப் பிள்ளை நாவலப்பிட்டி ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால், பதிவு இருப்பது கண்டி மாவட்டத்தில். இது தெரியாமல் சொந்த ஊர் செயலகத்தில் தேடிவிட்டு, "எனக்குப் பதிவே இல்லையாம்" என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

பிரதி கைக்கு வந்ததும் வாசியுங்கள். சிங்களத்தில் இருந்தால் வாசிக்கத் தெரிந்தவரிடம் முழுவதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் அத்தை வருடக்கணக்காகப் பிறந்தநாள் என்று நினைத்துக்கொண்டிருந்தது, பதிவு செய்த நாளை! பிறப்பை 42 நாளுக்குள் பதியவேண்டும் என்பது சட்டம். தோட்டத்தில் நடந்த பிறப்பைப் பெற்றோர் தோட்டத் துரைக்கு (தோட்ட நிர்வாகிக்கு) அறிவித்து, அவர் வழியாகப் பதிவுக்குப் போவதுதான் பழைய முறை. கைமாறிக் கைமாறிப் போகும்போது இரண்டு தேதிகளுக்கும் இடைவெளி விழத்தான் செய்யும். அத்தைக்குத் திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை, ஒரு நல்ல கண்ணாடிதான் தேவைப்பட்டது.

ஏட்டிலேயே பிழை இருந்தால், பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 52ஆம் பிரிவின் கீழ் திருத்தம் கேட்கவேண்டும். பெயர் மாற்றத்துக்கு உரியது 27ஆம் பிரிவு. இரண்டும் வேறு வேறு விண்ணப்பங்கள், கவுண்டரில் எதற்காக வந்தோம் என்பதைத் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.

ஜே.பி.யிடம் (சமாதான நீதவானிடம்) ஒரு சத்தியக்கடதாசி முடித்துவிட்டால் வயது மாறிவிடும் என்ற நம்பிக்கை நம்மவர்களிடம் ஆழமாக இருக்கிறது. சத்தியக்கடதாசி என்பது நீங்கள் சத்தியம் செய்து சொல்லும் கூற்று. அது ஏட்டில் ஒரு எழுத்தையும் மாற்றாது. அதைத் தாங்கிப் பிடிக்க வேறு ஆதாரம் வேண்டும், அதிலும் அந்தக் காலத்திலேயே எழுதப்பட்டதாக இருந்தால் நல்லது. பிள்ளையின் கிளினிக் அட்டை, ஆஸ்பத்திரிப் பதிவு, பாடசாலைச் சேர்வு இடாப்பு, ஞானஸ்நானப் பத்திரம், வயதானவர்கள் என்றால் குடும்பத்தின் பிரஜாவுரிமைப் பத்திரம். போன மாதம் எழுதுவித்த ஜாதகத்தைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள்.

இனி, பேசத் தயங்கும் விஷயம். மூத்த பிள்ளை சின்ன வயதில் இறந்துபோக, அடுத்த பிள்ளைக்கு அதே பெயரை வைத்து, அதே பிறப்புப் பத்திரத்தில் பள்ளிக்கூடம் சேர்த்த குடும்பங்கள் நம் லயங்களில் இருந்தன. சீக்கிரம் செக்ரோலில் (தோட்டச் சம்பள இடாப்பில்) பேர் போட வயதைக் கூட்டிச் சொன்னதும் உண்டு. யாரையும் குறைசொல்ல வரவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரஜாவுரிமை இழந்து, பத்திரம் என்றாலே பயந்து வாழ்ந்த சனம். ஆனால் இன்று அதைச் சரிசெய்யப் போகும்போது, ஏற்கெனவே பதிவு இருப்பதை மறைத்து, காலங்கடந்த பதிவு என்று இன்னொன்றைப் போட்டுவிடாதீர்கள். ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு வந்துவிட்டால் சிக்கல் இரட்டிப்பாகும், பொய்த் தகவல் கொடுத்த குற்றமும் சேரும். இப்படிப்பட்ட கதைகளுக்குச் சட்டத்தரணியிடமே போங்கள். கட்ட வசதியில்லாதவர்களுக்கு சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

தேடியும் பதிவே இல்லையென்றால் அது வேறு வழி. பதிவு இல்லை என்ற தேடல் முடிவை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காலங்கடந்த பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ அது தேவைப்படும்.

கச்சேரி (மாவட்டச் செயலகம்) பக்கம் நிற்கும் புரோக்கர் "ரெண்டு நாள்ல முடிச்சுத் தாரேன்" என்பார். அவருக்குக் காசு, உங்களுக்குக் கம்பி. மூதூர் ரிசானா நபீக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பிறப்புப் பத்திரப்படி அவர் பிறந்தது 1988, கடவுச்சீட்டில் 1982. 2005இல் சவூதிக்கு வேலைக்குப் போனபோது வயது 17. அவர் பொறுப்பில் இருந்த குழந்தை இறந்த வழக்கில், வயதைக் காட்டிக் கேட்ட மன்னிப்பு எடுபடாமல் 2013 ஜனவரியில் மரண தண்டனை நிறைவேறியது.

சரி, ஏடு திருந்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதோடு நின்றுவிடுவதுதான் அடுத்த தவறு. நம் அடையாள அட்டை எண்ணுக்குள்ளேயே பிறந்த நாள் ஒளிந்திருக்கிறது. பழைய எண்ணில் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். 78640 என்று தொடங்கினால் 1978ஆம் ஆண்டின் 140ஆவது நாளில் பிறந்த பெண். பெப்ரவரியை எப்போதும் 29 நாளாக எண்ணுவதால் அது மே 19. (உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள், நேரம் போவதே தெரியாது.) 2016 முதல் கொடுக்கும் 12 இலக்க எண்ணில் ஆண்டு நான்கு இலக்கமாக நிற்கிறது. ஆகவே பிறந்த ஆண்டோ நாளோ மாறினால் அந்த எண்ணோடும் பொருந்தாமல் போகும். வங்கிக் கணக்கு, கடவுச்சீட்டு, ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) எல்லாம் பழைய எண்ணில் இருக்கும். பழைய அட்டையின் போட்டோ கொப்பி ஒன்றாவது எடுத்து வைக்காமல் ஒப்படைத்துவிடாதீர்கள்.

ஈ.பி.எப்.தான் வலிக்கும் இடம். ஓய்வுக்காகப் பணம் எடுக்கும் வயது ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50. அட்டையில் நாலு வயது குறைந்திருந்தால், கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த பிறகும் காசு நாலு வருடம் காத்திருக்கும். கூடியிருந்தாலும் ஆபத்துதான்: 60 வயதுவரை ஓய்வுபெறச் சொல்லக்கூடாது என்று 2021ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாக்கிறது, ஆனால் கடதாசியில் 60 முன்பே வந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பும் முன்பே முடிகிறது. 49ஆவது வயதில் கடைசி நேரத்தில் ஓடாதீர்கள். பிள்ளைகளுக்கு என்றால் 15 வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாருங்கள், சாதாரண தரப் பரீட்சை நெருங்கிவிட்டால் யாருக்கும் நிதானம் இருக்காது.

தோட்ட ஆபீசுக்குப் போகும் நாளில் பீ கார்டையும் (ஈ.பி.எப். உறுப்பினர் அட்டையையும்) கிளாக்கர் ஐயாவிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். செக்ரோலில் "லெட்சுமி", அட்டையில் "மகாலெட்சுமி" என்று கிடந்தால், வயது சரியாக இருந்தும் பணம் அந்த "மகா"வில் மாட்டிக்கொள்ளும்.