பட்டை தளர்ந்துகொண்டே இருந்ததற்குக் காரணம் கட்டை

கொச்சியிலிருந்து சென்னைக்கு 34 அடி மோட்டார் படகு ஒன்றை லோபெட் டிரெய்லரில் (தாழ்வான தளமுள்ள வண்டி), அடியில் தென்னங்கட்டைகள் கொடுத்து ஏற்றி வந்தோம். வாளையாறு தாண்டியதும் படகை வண்டியோடு இறுக்கிக் கட்டும் ராட்செட் பட்டைகள் தளர ஆரம்பித்தன. மதுக்கரையில் இறுக்கினோம், நீலாம்பூரில் மறுபடி தொங்கின. அவிநாசி வந்தபோது படகு இடதுபக்கம் இரண்டு விரல் சாய்ந்திருந்தது.

பட்டை பழசு என்று நினைத்து எட்டையும் மாற்றினேன். பலனில்லை. பக்கவாட்டுத் தாங்கிகளை இன்னும் உயர்த்தினேன். அது பெரிய தப்பு. எடை முழுக்க அடிமரத்தில்தான், அதாவது படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பில்தான் உட்கார வேண்டும், தாங்கி சாயாமல் பிடிக்க மட்டும்தான். தாங்கியில் எடை ஏறினால் ஃபைபர் உடம்பு உள்வாங்கிவிடும். பெருந்துறையில் ஓரங்கட்டி இரண்டு நாள் போனது.

அங்கே மரக்கடைப் பெரியவர் ஒருவர் குனிந்து அடிக்கட்டையைப் பார்த்தார். "ஏனுங் தம்பி, இது தென்னையோட நடுத்தண்டுங்க, அமுங்கத்தானுங்க செய்யும்" என்றார்.

பொள்ளாச்சிப் பக்கம் அறுத்து வாங்கிய கட்டைகள்தான் அவை. தென்னையில் வெளிவட்டம்தான் கெட்டி, நடுவில் மெத்தென்ற சோறு. அறுத்த முகத்தில் கரும்புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் வலு. எங்கள் கட்டைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. அமுங்கிய இடத்தில் ஈரமும் கசிந்திருந்தது. கட்டை அமுங்க அமுங்கப் படகு கீழே இறங்கியதால்தான் பட்டை தொங்கியது.

கிரேன் வைத்துத் தூக்கி, அவரிடமே இருந்த பழைய ரயில் ஸ்லீப்பர் மரத்தை அடியில் கொடுத்தோம். தாங்கிகளைக் கையால் இறுக்கும் அளவோடு நிறுத்தினேன். சங்ககிரி வரை ஒரு பட்டையும் தளரவில்லை. அப்போதுதான் மூச்சு வந்தது.