மகாலே காட்டுக்குச் சிம்பன்சி பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தான்சானியாவின் மேற்கு எல்லையில், தங்கனிக்கா ஏரிக்கரையிலிருந்தே எழும்பி நிற்கும் மகாலே மலைகளுக்கு ஐந்து முறை போய் வந்திருக்கிறேன். 1985இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தக் காட்டுக்குள் நடைபாதைகள் மட்டுமே உண்டு. கிகோமாவிலிருந்து ஏரி வழியாகத் தெற்கே படகில் போகலாம். அல்லது சிறு விமானத்தில் இறங்கி, அங்கிருந்து படகேற வேண்டும். சென்ற செப்டம்பரில் அங்கே தங்கியிருந்தபோது, புதிதாக வந்தவர்கள் நான் முதல் பயணத்தில் செய்த தவறுகளையே திரும்பச் செய்வதைக் கண்டேன். கொசுவலை, மலேரியா மாத்திரை போன்றவற்றைப் பயண ஏற்பாட்டாளரே சொல்லிவிடுவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே நாளை நம்பிப் போவது

அங்குள்ள சிம்பன்சிகள் மனிதரைக் கண்டு ஓடுவதில்லை. 1965இல் ஜப்பானிய ஆய்வாளர் தொஷிசாதா நிஷிதாவும் கியோட்டோ பல்கலைக்கழகத்தாரும் தொடங்கி, பல ஆண்டுகள் பொறுமையாகச் செய்த ஆய்வுப் பணியின் பயன் அது. இன்று பயணிகள் பார்ப்பது ‘எம்’ குழு எனப்படும் சுமார் அறுபது விலங்குகள் கொண்ட கூட்டத்தை. மனிதருக்குப் பழகிவிட்டன என்பதற்காக அவை நமக்காகக் காத்திருக்கப் போவதில்லை. மேட்டில் பழம் பழுத்திருந்தால் மேட்டுக்கு ஏறிவிடும். பகல் முழுவதும் சிறு சிறு கூட்டங்களாகப் பிரிவதும் கூடுவதுமாக இருக்கும். நான் முதல் முறை இரண்டு இரவுகள் மட்டும் ஒதுக்கியிருந்தேன். குறைந்தது நான்கு இரவுகள் வேண்டும்.

சளியை மறைப்பது

இந்தத் தவறை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுப்பதில்லை. முதலில் என்மேலேயே கோபம் வருகிறது. அந்த முதல் பயணத்தில் முதல் நாள் ஆறு மணி நேரம் நடந்தும், தொலைவிலிருந்து வந்த அலறலைக் கேட்டதோடு திரும்பினோம். மறுநாள் விடியும்போது எனக்குத் தொண்டை கரகரத்தது. மிஞ்சியிருந்தது அந்த ஒரு பகல்தான் என்பதால் இரண்டு மாத்திரைகளை விழுங்கிவிட்டு, வழிகாட்டி உடல்நிலை கேட்டபோது நலம் என்றேன். மூன்றாவது ஓடையைத் தாண்டியதும் தும்மினேன். அவர் நின்று, என் கண்களையும் மூக்கையும் உற்றுப் பார்த்து, ஒரு சொல்லும் கடிந்து பேசாமல், உடன் வந்த தடம் பார்ப்பவரிடம் என்னை ஒப்படைத்துக் கீழே அனுப்பினார். இவ்வளவு பணம் செலவழித்து வந்தவனை ஒரு தும்மலுக்காகத் திருப்பி அனுப்புவதா என்று அன்று மாலைவரை பொருமிக்கொண்டிருந்தேன்.

அவர் செய்தது எவ்வளவு சரி என்பது பின்னால்தான் விளங்கியது. மரபணுவில் நமக்கு மிக நெருங்கிய அந்த விலங்குகளுக்கு நம்முடைய சளிக் கிருமிகள் எளிதில் தொற்றும். அவற்றை எதிர்க்கும் பழக்கம் அவற்றின் உடலுக்கு இல்லை. 2006ஆம் ஆண்டு நடுப்பகுதியில் ‘எம்’ குழுவில் சளிக்காய்ச்சல் போன்ற நோய் பரவியபோது, ஏறத்தாழ 12 சிம்பன்சிகள் இறந்தோ காணாமலோ போயின. மேற்கு ஆப்பிரிக்க நாடான ஐவரிகோஸ்டில் ‘தாய்’ (Taï) என்ற காட்டில் இறந்த சிம்பன்சிகளின் உடலில் மனிதரைத் தாக்கும் சுவாச நோய்க் கிருமிகள் இருந்ததை 2008இல் ஆய்வாளர்கள் உறுதிசெய்தனர். ஒரு பெண் சிம்பன்சி ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் குட்டி ஈனும் என்பதை நினைத்தால், அறுபது பேர் கொண்ட கூட்டத்தில் 12 குறைவது எத்தகைய இழப்பு என்பது புரியும். சளி பிடித்த மகாலே ஆண் ஒன்று மெல்லிய குச்சியை மூக்கில் விட்டுத் தும்மலை வரவழைத்து அடைப்பை நீக்கிக்கொண்டதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பைப் படித்த நாளிலிருந்து, அன்று ஓடைக்கரையில் நான் தும்மியது நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

சென்ற செப்டம்பரில் எங்கள் முகாமில் இருந்த ஓர் இளைஞர், காலை உணவின்போது மேசைக்கு முதுகைக் காட்டி இருமலை அடக்கிக்கொண்டிருந்தார். அவருக்கும் அதுவே கடைசிப் பகல். தனியே அழைத்துப் போய் என் கதையைச் சொன்னேன். முகம் வாடினாலும் கரையிலேயே தங்கிவிட்டார். நாள்களைக் குறைவாக வைத்துக்கொண்டு போனால் பொய் சொல்லும் நெருக்கடி தானாக வந்துவிடுகிறது. இரண்டு நாள் ஓய்வுக்கு இடம் விட்டுத் திட்டமிடுங்கள். புறப்படும் வாரத்தில் வீட்டில் யாருக்காவது சளி இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்குவது

வேண்டாம்.

பத்து மீட்டரைக் குறைக்கப் பார்ப்பது

ஒரு முறைக்கு ஆறு பயணிகள், ஒரு மணி நேரம், பத்து மீட்டர் தொலைவு என்பது அங்குள்ள விதி. சிம்பன்சிகள் அந்த விதியை அறியா. ஒரு முறை நாங்கள் நின்ற ஒற்றையடிப் பாதையிலேயே பெரிய ஆண் ஒன்று முன்கைகளை ஊன்றி எதிரே வந்தது. வழிகாட்டி கையசைத்ததும் புதரோரம் ஒதுங்கிக் குந்தினோம். நரைத்த முதுகு, கிழிந்த இடது காது, ஈர மண்ணில் பதியும் விரல் மடிப்புகள் என ஒவ்வொன்றையும் பார்க்கும் அளவுக்கு அருகில், எங்களைத் திரும்பியும் பாராமல் கடந்துபோனது. அந்த நேரத்தில் கேமராவுக்காகக் கையை நீட்டக்கூடாது. அது நெருங்கி வரலாம், நாம் நெருங்கக்கூடாது.

மழைக்காலத்தில் போவது

மார்ச் நடுவிலிருந்து மே வரை தவிர்த்துவிடுங்கள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அவை பெரும்பாலும் தாழ்வான சரிவுகளுக்கு இறங்கி வரும்.

ஒளிர்விளக்கு

கேமராவில் அதை அணைத்துவிட்டே முகாமிலிருந்து கிளம்ப வேண்டும்.

காட்டில் தின்பதும் துப்புவதும்

கூட்டத்துக்கு அருகில் எதையும் தின்னக்கூடாது. பழத்தோல், கொட்டை, மூக்கு துடைத்த தாள் எல்லாம் உங்கள் பையிலேயே முகாமுக்குத் திரும்ப வேண்டும். நாம் கடித்துப் போட்டதை எடுத்து வாயில் வைத்துப் பார்க்க ஒரு குட்டிக்கு அரை நிமிடம் போதும்.